மூன்றாம் படி மாத்திரை

அந்தச் சலவைக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. சங்கு என்றால்தான் தெரியும். ஓட்டல்களிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு மடித்து அனுப்புகிற இடம் அது. விரிப்பின் இரண்டு முனைகளையும் பிடித்து உருளையின் வாயில் சுருக்கம் விழாமல் ஊட்டிவிடுவது அவள் வேலை. எதிர்ப்பக்கம் நின்று மடிப்பவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஆலைச் சங்கு மாதிரி ஊதியாக வேண்டும். இத்தனை வருஷம் ஊதியதில் குரலைத் தணிக்கும் வித்தையே அவளுக்கு மறந்துபோயிற்று. பேருந்தில் அவள் பக்கத்தில் இருப்பவளிடம் ரகசியம் சொன்னால் ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பார்.

அவளுடைய தங்கை இதற்கு நேர்மாறு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வில்லைகளை அளவுக்குத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தி, எறும்புத் தலை அளவு இருக்கும் திருகாணிகளை முறுக்குவாள். அவள் பேசுவதைக் கேட்க வாடிக்கையாளர்கள் மேசைமேல் குனிவார்கள். பெற்றவள் குரலைப் பங்கு பிரிக்கும்போது இரண்டு பங்கையும் மூத்தவளுக்கே கொடுத்துவிட்டாள் என்று தெருவில் கேலி பேசுவார்கள். ஒரே கட்டடத்தில் அக்கா கீழே, தங்கை மாடியில். அக்காவின் வீட்டுக்காரர் தரைக்கல் பதிக்கிறவர். அந்த வீட்டில் பேச ஓர் ஆள் போதும் என்று எப்போதோ முடிவு செய்துவிட்ட மனிதர்.

தங்கைக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகிவிட்டன என்று தெரிந்தபோது அவளுக்கு முப்பத்துமூன்று வயது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி குத்திக் குத்தி இடது முன்கை கயிறு திரித்ததுபோல் முறுக்கிக்கொண்டது. ஒரு நாள் மருத்துவர் இருவரையும் உட்காரவைத்து, வேறு ஒருவருடைய சிறுநீரகத்தை வைப்பதுதான் வழி, இரத்த உறவில் யாராவது முன்வந்தால் நல்லது என்று ஆரம்பித்தார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் சங்கின் கை மேலே போய்விட்டது, வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் கணவர் அபூர்வமாக வாயைத் திறந்தார். ஒரு தடவை யோசித்துவிட்டுச் சொல்லலாமே என்றார்.

"யோசிச்சா பயம் வரும். பயம் வந்தா குடுக்க மாட்டேன். அதான் யோசிக்கலை" என்றாள் சங்கு.

அறுவை நடந்த அன்று அவர் மருத்துவமனை வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். அங்கே தரையில் கல் சரியாகப் பதிக்கப்படவில்லை என்று பிறகு சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான்.

கொடுத்ததோடு சங்கு சும்மா இருக்கவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு மருமகன் வீட்டையே நோட்டம் விடும் தாய் மாதிரி ஆனாள். தங்கை தண்ணீர் குடித்தாளா, கனமான பையைத் தூக்கினாளா, கடையில் நின்றுகொண்டே இருந்தாளா எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்டாள். "என் கிட்னி எப்படி இருக்கு?" என்றுதான் காலையில் மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பாள். தெருவே சிரிக்கும். தங்கையும் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு வரவரச் சின்னதாகிக்கொண்டே போனதை அக்கா கவனிக்கவில்லை.

மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு அந்நியப் பொருள் என்று நினைத்துத் தள்ளப் பார்க்கும். தள்ளாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்க வேண்டும். அறுவை முடிந்த புதிதில் ஒரு மாத்திரையைக் கொடுத்தார்கள். அதில் தங்கைக்குக் கை நடுங்கியது, காய்ச்சல் வந்தது, சிறுநீரகம் வீங்கிக்கொண்டது. மறுபடி மருத்துவமனையில் படுக்கவைத்து வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள். அந்த இரண்டாவது மாத்திரைதான் ஒத்துக்கொண்டது. நடுக்கம் நின்றது. திருகாணிகள் மறுபடி அவள் விரலுக்குள் அடங்கின. பொதுக் காப்பீட்டுத் திட்டத்தின் அட்டையைக் காட்டினால் மருத்துவமனை மருந்தகத்தில் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மூன்று வருஷம் இப்படி ஓடியது.

பிறகு ஒரு விடுமுறை நாள் மத்தியானம், சட்டைப் பொத்தான் தைக்க நல்ல ஊசியாகத் தேடிச் சங்கு மாடிக்குப் போனாள். தங்கை குளித்துக்கொண்டிருந்தாள். அலமாரியில் கடையிலிருந்து கொண்டுவந்த பழைய கண்ணாடிக் கூடு ஒன்று இருந்தது. ஊசி அதில் இருக்கும் என்று திறந்தாள். உள்ளே மாத்திரைகள். ஒவ்வொன்றும் சரிபாதியாக வெட்டப்பட்டு, துணி விரித்து அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கண்ணாடி வில்லை வெட்டிப் பழகிய கை. ஒரு பிசிறு இல்லை.

தலை துவட்டிக்கொண்டு வந்த தங்கையை அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே தங்கையைப் பயமுறுத்தியது. சங்கு அவள் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே வீக்கம். குனிந்து கணுக்காலை விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது, எழும்பவில்லை.

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளாத்தான்க்கா."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

தங்கை துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். மருந்தகத்தில் இனிமேல் தர முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். வெளியே முழு விலை கொடுத்து வாங்க அவள் சம்பளம் முழுதும் போதாதாம். விண்ணப்பித்தால் ஏதாவது வழி இருக்கும் என்றார்களாம். அது வரும்வரை இருப்பதை இழுத்துப் பிடிக்கலாம் என்று பாதி பாதியாகத் தின்றிருக்கிறாள். சொல்லாததற்கு மட்டும் அவள் காரணம் சொல்லவில்லை. உனக்கு வேலை நெருக்கடி என்று ஏதோ மழுப்பினாள்.

மறுநாள் காலையில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் கூடுகிற கிரியாட்டினின் ஏறியிருந்தது. இன்னும் கைமீறிப் போகவில்லை, ஆனால் இப்படியே போனால் போய்விடும் என்றார் மருத்துவர். முழு மாத்திரையை உடனே தொடங்கச் சொன்னார். மாத்திரை எங்கிருந்து வரும் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை.

பதில் கொஞ்சம் இருந்தது தெருமுனை மருந்துக்கடைக்காரரிடம்தான். வழுக்கைத் தலை, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, எப்போதும் கடுகடுப்பு. அந்தக் கண்ணாடிக்கு வில்லை போட்டவள் தங்கை என்பதால் அவளிடம் மட்டும் கொஞ்சம் கனிவு. அட்டையை வாங்கி இயந்திரத்தில் தேய்த்துப் பார்த்தார். அது கீச்சென்று கத்தி மறுத்தது. ஆள் இல்லாத நேரமாக வாருங்கள், சொல்கிறேன் என்றார். அன்று பிற்பகல் கடைக்குள்ளேயே ஸ்டூல் போட்டு உட்காரவைத்து விளக்கினார்.

திட்டம் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று, உள்ளே இரண்டு. ஒன்று மருத்துவமனைப் பங்கு. படுக்கை, அறுவை, அதற்குப் பிந்திய கவனிப்பு எல்லாம் அதில் சேரும். இன்னொன்று மருந்துப் பங்கு. வீட்டில் இருந்து தினமும் சாப்பிடுகிற மருந்து அதில் சேரும். மாற்றுச் சிறுநீரகக்காரர்களுக்கு முதல் மூன்று வருஷம் மாத்திரையை முதல் பங்கு பார்த்துக்கொள்ளும். பிறகு இரண்டாவது பங்கின் தலையில் கட்டிவிடும். மருந்துப் பங்கில் எல்லா மருந்தும் ஒன்றல்ல. மலிவானவை கீழ்ப் படி. விலை கூடக்கூட மேல் படி. தங்கையின் மாத்திரை மூன்றாம் படியில் இருக்கிறது. அதற்கு முன் அனுமதி வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்று, கீழ்ப் படி மாத்திரையை முதலில் சாப்பிட்டு, அது பலிக்கவில்லை என்று காட்டினால்தான் மேலே ஏறவிடுவார்கள்.

"கீழ்ப் படி மாத்திரைன்னா எது?" என்று கேட்டாள் சங்கு.

கடைக்காரர் பெயரைச் சொன்னார். தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று வருஷத்துக்கு முன் அவள் கையை நடுங்கவைத்த அதே மாத்திரை.

"அதைத்தான் இவ ஏற்கனவே தின்னு செத்துப் பிழைச்சாளே!"

"தின்னது மருத்துவமனைப் பங்குல. இவங்க கணக்குல அது வராது. இவங்களைப் பொறுத்தவரை உங்க தங்கச்சி இன்னும் ஒரு மாத்திரைகூடச் சாப்பிடலை."

ஒரே வீட்டுக்குள் அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதுபோல இருந்தது. அண்ணன் போட்ட சோற்றைத் தம்பி பார்க்கவில்லையாம். அதனால் விருந்தாளி இன்னும் சாப்பிடவே இல்லையாம்.

கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார். ஒரு பங்கிலிருந்து இன்னொரு பங்குக்கு மாறுகிறவர்களுக்கு இடையில் திண்டாடாமல் இருக்க ஒரே ஒரு தடவை ஒரு மாதத்துக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்று திட்டத்திலேயே விதி இருக்கிறது. கேட்டால்தான் கொடுப்பார்கள். கேட்க வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இதைத் தங்கையிடம் அன்றே மருந்தகத்தில் ஒருவர் சொல்லியிருந்தால் மாத்திரையை வெட்டியே இருக்கமாட்டாள்.

சங்கு அங்கேயே நின்று திட்டத்தின் உதவி எண்ணை அழைத்தாள். இசை ஓடியது. எண்ணை அழுத்து என்றது, அழுத்தினாள். மறுபடி இசை. கடைசியில் ஒரு பெண்குரல் வந்தது. உறுப்பினர் நீங்கள்தானா என்று கேட்டது. இல்லை, அக்கா. அப்படியானால் உறுப்பினரைத்தான் பேசச் சொல்ல வேண்டும், வேறு எந்த வகையிலாவது சம்பந்தம் உண்டா என்று கேட்டது.

"உண்டு. அந்தக் கிட்னிக்குப் பழைய ஓனர் நான்."

மறுமுனையில் விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண்குரல் நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னது. "அப்படி ஒரு கட்டம் எங்க கம்ப்யூட்டர்ல இல்லைங்க மேடம்."

தங்கையிடம் போனைக் கொடுத்தாள். தங்கை மெல்லிய குரலில் விதியைச் சொல்லிக் கேட்டாள். எதிர்முனைக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். ஒரு வழியாக அந்த ஒரு மாத மருந்து கிடைத்தது. கடைக்காரர் மாத்திரைப் பெட்டியை நீட்டும்போது, இதை வெட்டினால் இனி என் கடைப்பக்கம் வராதே என்று தங்கையை அதட்டினார்.

அந்த ஒரு மாதத்துக்குள் காரியம் முடிய வேண்டும். மருத்துவர் முன் அனுமதிக்கு எழுதி அனுப்பினார். மறுத்துவிட்டார்கள். காரணம் கடைக்காரர் சொன்னதேதான்: கீழ்ப் படி மாத்திரை முயற்சி செய்யப்படவில்லை. மருத்துவர், முன்பே முயன்று தோற்றது என்று விளக்கி மறுபடி எழுதினார். அதற்கும் அதே பதில். கல்லில் நார் உரிக்கிற வேலை. மருத்துவருக்கு இவளைப்போல் எத்தனையோ பேர். அவர் முகத்தில் அலுப்புத் தெரிந்தது. சங்கைத் தனியாகக் கூப்பிட்டு, வேண்டுமானால் கீழ்ப் படி மாத்திரையைக் கொடுத்து வாரா வாரம் இரத்தம் பார்க்கலாம், மோசமானால் உடனே நிறுத்திவிடலாம், அப்போது அனுமதி தானாக வந்துவிடும் என்றார்.

"மோசமாகுறதுன்னா என் கிட்னி கெட்டுப்போறதுதானே டாக்டர்?"

அவர் தலை குனிந்துகொண்டார். நல்ல மனிதர். அதனால்தான் குனிந்தார்.

மிச்சம் இருந்தது மேல்முறையீடு. நேரில் விசாரணை கேட்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். அப்படிக் கேட்பவர்கள் அபூர்வம், பெரும்பாலும் மறுப்பு வந்ததும் அடங்கிவிடுவார்கள், அந்த அடக்கத்தில்தான் திட்டத்துக்குப் பாதி மிச்சம் என்றார். ஊதுகிற சங்கை ஊதுவோம், விடிகிறபோது விடியட்டும் என்றார் தரைக்கல்காரர், அன்று இரவு சாப்பிட்டுக்கொண்டே. மனைவியின் பட்டப்பெயரை அவர் வீட்டில் உச்சரித்தது அதுதான் முதல் தடவை. அவள் முறைத்தாள். அவர் குழம்பை ஊற்றிக்கொண்டார்.

விசாரணைக்கு முன்னால் ஒரு விஷயத்தில் சங்கும் கடைக்காரரும் ஒரே குரலாக இருந்தார்கள். மாத்திரையை வெட்டித் தின்ற கதையை அங்கே வாய் தவறியும் சொல்லக்கூடாது. மருத்துவர் சொன்னபடி மருந்து சாப்பிடாத நோயாளி என்று முத்திரை குத்திவிடுவார்கள். சிறுநீரகம் மோசமானால் அது உன் குற்றம், மருந்தின் குற்றமல்ல என்று சொல்லிக் கைகழுவிவிடுவார்கள். தங்கை கேட்டுக்கொண்டாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நாள் வந்தது. சங்கு விடுப்புப் போட்டிருந்தாள். எட்டாவது மாடியில் நீளமான அறை. சன்னல் திறக்க முடியாத கட்டடம். குளிர்பதனக் காற்றில் எல்லாருக்கும் மூக்கு அடைத்திருந்தது. மேசைக்கு அப்பால் மூன்று பேர். நடுவில் தலைமை வகித்த அம்மாள், நரைத்த முடியை இறுக்கிக் கட்டியிருந்தார். அவருக்கு வலப்பக்கம் திட்டத்தின் மருத்துவ ஆலோசகர். இடப்பக்கம் தட்டச்சு செய்கிறவர். தலைமை அம்மாள் மரியாதையாகத்தான் பேசினார். துணைக்கு வந்தவர் பேசலாம், ஆனால் சுருக்கமாக என்றார்.

சுருக்கமாகப் பேசுவது சங்குக்குக் கைவராத கலை. அறுவையில் ஆரம்பித்தாள், நடுக்கத்துக்கு வந்தாள், மருந்தகம் வாய் திறக்காததைச் சொன்னாள். தட்டச்சுக்காரர் ஒரு கட்டத்தில் விரலை எடுத்துவிட்டு வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து யாரோ எட்டிப்பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று தெரிந்து மூடிக்கொண்டு போனார்கள்.

"கீழ்ப் படி மாத்திரை தோத்தாத்தான் மேல் படின்னு எழுதியிருக்கீங்க. தோத்துப்போறதுன்னா என்ன? அதை மட்டும் எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்று முடித்தாள்.

ஆலோசகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். சிறுநீரகச் செயல்பாடு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதாகப் பரிசோதனை காட்ட வேண்டும் என்றார்.

"அப்ப அது செத்த பிறகு மருந்து குடுப்பீங்க. அப்புறம் டயாலிசிஸ்? அதுக்கு யார் பணம்?"

"அது மருத்துவமனைப் பங்கில் வரும்" என்றார் அவர். சொல்லி முடிக்கும்போதே, தான் சொன்னது தன் காதிலேயே எப்படி விழுகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பேனாவை மூடினார், திறந்தார்.

தலைமை அம்மாள் தங்கையின் பக்கம் திரும்பினார். ஒரு சமரச வழி இருப்பதாகச் சொன்னார். மூன்று மாதம் மட்டும் கீழ்ப் படி மாத்திரை. மருத்துவமனையின் நேரடிக் கண்காணிப்பில். சின்ன மாற்றம் தெரிந்தாலும் நிறுத்திவிடலாம். இன்றே உத்தரவு எழுதிவிடலாம், இழுத்தடிப்பு இருக்காது. இதற்குச் சம்மதமா?

சங்கு வாயைத் திறந்தாள். "என் கிட்னியை வெச்சு..." என்று ஆரம்பித்தபோது அவள் மணிக்கட்டின்மேல் ஒரு கை விழுந்தது. லேசான கைதான். ஆனால் திருகாணியை முறுக்கி நிறுத்துகிற விரல்கள்.

"அக்கா, போதும். அது என்னோடது."

சங்கு திரும்பிப் பார்த்தாள்.

"நீ குடுத்தே. நான் வாங்கிட்டேன். குடுத்தது குடுத்ததுதான். மூணு வருஷமா நீ திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே இருக்கே. மருந்து இல்லைன்னு உங்கிட்ட எப்படி வந்து சொல்லுவேன்? உன் பொருளைக் கெடுத்துட்டேன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. அதான் வெட்டித் தின்னேன்."

வெட்டித் தின்றது எதை என்று தலைமை அம்மாள் கேட்டார். தங்கை எழுந்து நின்றாள். நிற்க வேண்டியதில்லை என்றார்கள். அவள் உட்காரவில்லை. முதல் தடவையாக அவள் குரல் அந்த நீள அறையின் மறுகோடிவரை போனது. கத்தவில்லை. கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லும்போது பேசுகிற மாதிரி, ஒவ்வொரு சொல்லாக.

"நான் மாத்திரையைப் பாதியா வெட்டித்தான் சாப்பிட்டேன். உங்க மருந்தகம் கையை விரிச்ச நாள்லேர்ந்து. டாக்டர் சொன்னபடி சாப்பிடலை. எழுதிக்கோங்க."

சங்கு கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லாதே சொல்லாதே என்று சொன்னதை எடுத்துப் போட்டு உடைத்துவிட்டாளே.

ஆலோசகர் நிமிர்ந்தார். அப்படியானால் கிரியாட்டினின் ஏறியதற்கு நோயாளியே காரணமாகிறாரே என்றார். அவர் குரலில் சந்தோஷம் இல்லை. சட்டம் அப்படி இருக்கிறது என்கிற தொனி.

"ஆமா. மருந்து குறைஞ்சா இது என்ன ஆகும்னு தெரியணும்னுதானே கேக்கறீங்க? நான் செஞ்சு பாத்துட்டேன். ரிப்போர்ட் உங்க முன்னாடி இருக்கு. அதுக்கு முன்னாடி உங்க கீழ்ப் படி மாத்திரையையும் தின்னு பாத்துட்டேன். அந்த ரிப்போர்ட்டும் இருக்கு. உங்க ஆஸ்பத்திரியிலதான், உங்க அட்டையிலதான் தின்னேன். இன்னொரு தடவை கெட்டுக் காட்டச் சொல்றீங்க. மாட்டேன்."

தலைமை அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சம்மதிக்காவிட்டால் விண்ணப்பம் முழுவதுமே தள்ளுபடியாகலாம், அது புரிகிறதா என்று கேட்டார்.

"புரியுது. தள்ளுங்க. எங்க அக்கா குடுத்ததைத் தோக்கவெச்சுத்தான் நிரூபிக்கணும்னா அந்த நிரூபணம் எனக்கு வேண்டாம். ஆனா ஏன் தள்ளினீங்கன்னு எழுதிக் குடுங்க. ரெண்டு பங்கும் ஒரே திட்டம் இல்லைன்னு உங்க கையெழுத்தோட எழுதிக் குடுங்க. அதை எடுத்துக்கிட்டு எங்க போகணுமோ அங்க போறேன்."

உட்கார்ந்தாள்.

உத்தரவைத் தபாலில் அனுப்புவதாகச் சொல்லி அனுப்பினார்கள். வெளியே நல்ல வெயில். பேருந்து நிறுத்தத்தில் நிழலும் இல்லை, ஆளும் இல்லை. சங்குக்குக் கோபமா, அவமானமா, பெருமையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை நாள் மாடியைப் பார்த்துத் தான் கூவியதெல்லாம் அவளுக்குக் காதில் விழுந்தது, வேறு யாரோ கூவியதுபோல. அன்பு என்று நினைத்துத்தான் கூவினாள். தவணை கேட்க வருகிறவனும் வாசலில் நின்று அப்படித்தான் கூவுவான்.

"நான் இனிமே கேக்கலை" என்றாள். அவள் அளவுக்கு அது முணுமுணுப்பு. எதிர்ச்சாரியில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"கேளு. உன் தங்கச்சி எப்படி இருக்கான்னு கேளு. அதைக் கேட்டே மூணு வருஷம் ஆச்சு."

"எப்படி இருக்கே?"

"பசிக்குது" என்றாள் தங்கை.

இரண்டு பேரும் பக்கத்தில் இருந்த கடைக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது, வாய்க்கு வந்ததை எல்லாம் உளறிக் காரியத்தைக் கெடுத்துவிட்டாய் என்று சங்கு திட்டினாள். தங்கை திட்டைக் கேட்டுக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள்.

ஒரு மாத மருந்து அடிமட்டத்துக்கு வந்திருந்த சமயத்தில் உத்தரவு வந்தது. மேல்முறையீடு ஏற்கப்பட்டது. மருத்துவமனைப் பங்கில் ஒரு மருந்தை முயன்று தோற்றிருந்தால், மருந்துப் பங்கிலும் அது தோற்றதாகவே கொள்ள வேண்டும் என்று தலைமை அம்மாள் எழுதியிருந்தார். மாறும் நேரத்து ஒரு மாத மருந்தைப் பற்றி நோயாளியிடம் தாமாகவே தெரிவிக்க வேண்டும் என்று மருந்தகங்களுக்கும் ஒரு வரி. மருந்துக்கடைக்காரர் இரண்டு தடவை படித்துவிட்டு, தன் கடையில் இதே சிக்கலில் நிற்கும் இன்னும் சிலருக்கும் இது உதவும் என்று நகல் எடுத்து வைத்துக்கொண்டார். அன்று அவர் கடுகடுக்கவில்லை. தங்கையிடம் கண்ணாடியின் காது வளைவைச் சரிசெய்து தரச் சொன்னார்.

தொடர்ந்து முழு மாத்திரை சாப்பிட்டதில் கிரியாட்டினின் இறங்கியது. ஆனால் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. கொஞ்சம் மேலேயே நின்றுவிட்டது. அந்தக் கொஞ்சம் இனித் திரும்பாது என்றார் மருத்துவர். யாரும் எழுதி ஒப்புக்கொள்ளாத நஷ்டம் அது.

சலவைக்கூடத்தில் ஒருத்தி, உன் கிட்னி எப்படி இருக்கிறது என்று பழைய பழக்கத்தில் கேட்டாள். "எங்கிட்ட இருக்கறது நல்லா இருக்கு. இன்னொண்ணை அதுக்குச் சொந்தக்காரிகிட்டக் கேளு" என்றாள் சங்கு. விரிப்பு ஒன்று கோணலாக உருளைக்குள் போய்விட்டது. அதை இழுத்து எடுத்து மறுபடி ஊட்டினாள்.

உத்தரவின் கடைசி வரியைத் தங்கைதான் கவனித்தாள். அனுமதி ஒரு வருஷத்துக்கு மட்டும். பிறகு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். சங்குக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. வென்றாயிற்று, மாத்திரை கைக்கு வந்தாயிற்று, அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். எந்நேரமும் சண்டைக்கு வரிந்துகட்டுகிறவள் இப்போது போதும் என்கிறாள் என்று அவள் கணவரே நிமிர்ந்து பார்த்தார்.

தங்கை கேட்கவில்லை. மாற்றி வைத்த சிறுநீரகம் உடம்பில் இருக்கும்வரை மாத்திரையும் வேண்டும் என்பது அறுவை செய்தவருக்குத் தெரியும், ஆலோசகருக்குத் தெரியும், அந்தத் தலைமை அம்மாளுக்கும் தெரியும். பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து கையேந்து என்றால் என்ன அர்த்தம்? எந்த வருஷமாவது அலுத்துப்போய் வராமல் இருந்துவிடுவோம் என்ற நம்பிக்கைதானே?

அந்த ஒரு வருஷக் கெடுவை எதிர்த்து அவள் தனியாக ஒரு முறையீடு கொடுத்தாள். அதை நிராகரித்தார்கள். அதற்கு மேலே இருக்கிற குழுவுக்குக் கொடுத்தாள். அங்கே இன்னும் முடிவு வரவில்லை. விசாரணைக்குக் கூப்பிட்ட நாளில் அக்காவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கடையில் அரை நாள் விடுப்பெடுத்துக்கொண்டு ஒற்றையாகப் போய் வந்தாள். என்ன சொன்னார்கள் என்று சங்கு கேட்டதற்கு, இந்த மாதிரி வழக்கு இதற்குமுன் வந்ததில்லை என்றார்களாம்.

"அதுக்கு நீ என்ன சொன்னே?"

"இனிமே வரும்னு சொன்னேன்."